ஃபியூஸ் இடத்தில் கம்பி வைக்காதீர்கள்
"டிவி பவர் போர்டில் ஃபியூஸ் போயிருந்தால் செம்புக் கம்பி சுற்றி ஆன் பண்ணுங்கள், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் போர்டில் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள், இரண்டுமே தவறு.

ஃபியூஸ் சும்மா போவது அபூர்வம். கண்ணாடிக்குள் கரி படிந்து கறுத்திருந்தால் பெரும்பாலும் பிரிட்ஜ் டயோடோ (ஏசியை டிசியாக்கும் பாகம்) மாஸ்ஃபெட்டோ (வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருக்கும், அதன் மேல் கம்பியைச் சுற்றினால் போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடம் எரியும், சில சமயம் தீயே பிடிக்கும். முதலில் ஷார்ட்டைத் தேடுங்கள். அப்புறம் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போட்டு, 100 வாட் குண்டு பல்பை (எல்இடி வேண்டாம்) மின்சாரம் வரும் வழியில் சீரிஸில் (பல்பு வழியாகவே போர்டுக்குப் போகும்படி) வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி, முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

இரண்டாவதுதான், ப்ளக்கைப் பிடுங்கியதும் கை வைப்பதுதான், எனக்குப் பெரிய பயம். 230 வோல்ட் ஏசி, டயோடு தாண்டியதும் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டரில் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) சுமார் 325 வோல்ட் டிசி. ஃபியூஸ் நன்றாக இருந்தும் போர்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அந்தச் சார்ஜை இழுக்க ஆளில்லை, ப்ளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் அடிக்கும். மீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து அளந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், ஒயர் இணைத்த ஹோல்டரில் அதே குண்டு பல்பைப் போட்டு, ஒயர்களைக் கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் வைத்து சார்ஜை இறக்குங்கள், மறுபடியும் அளந்துவிட்டு அதன் பிறகு தொடுங்கள்.