‘ப்ளீக்’, ‘டிஸ்மல்’, ‘ட்ரியரி’ மூன்றும் ஒன்றல்ல
‘ப்ளீக் (bleak), டிஸ்மல் (dismal), ட்ரியரி (dreary) ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் சோர்வூட்டும் என்பதே பொருள், எதை வேண்டுமானாலும் போடலாம்’ என்று சிலர் சொல்வது, ஆங்கிலம் பயில்பவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். மரமோ மறைப்போ இன்றிக் காற்றுக்குத் திறந்து கிடக்கும் மேட்டுநிலமும், நம்பிக்கைக்கு இடமளிக்காத எதிர்காலமும் ‘ப்ளீக்’. காலையிலிருந்து ஒரே மாதிரி தூறி அலுப்பூட்டும் பொழுது ‘ட்ரியரி’. ‘டிஸ்மல்’ இவற்றிலிருந்து நன்றாகவே விலகி நிற்கிறது. ‘கெட்ட நாட்கள்’ என்னும் லத்தீன் தொடரிலிருந்து பிறந்து, நம்முடைய கரிநாளைப் போல, இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் ஆகாத நாட்களைக் குறித்த அச்சொல், இன்று துயரச் சூழலோடு தரக்குறைவையும் சுட்டுகிறது. ஆகவேதான் ஓர் அணி படுமோசமாக ஆடினால் ‘டிஸ்மல் பெர்ஃபாமன்ஸ்’ என்கிறார்கள். அந்த இடத்தில் ‘ப்ளீக்’ என்று போட்டால் ஆட்டம் மோசம் என்ற பொருள் கிடைக்காது.