தமாகி காட்சிகளை ஸ்டூடியோ சேர்க்கவில்லை

'ஃபயர் ஃபோர்ஸ்' அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) தீயணைப்பு வீராங்கனை தமாகியின் உடை நழுவும் காட்சிகளை, அதைத் தயாரித்த ஸ்டூடியோவான டேவிட் புரொடக்‌ஷன் தானாகச் சேர்த்தது, மூலமான மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) அப்படி எதுவும் இல்லை, இதனால் கதையே கெடுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்டூடியோ சேர்த்தது என்பது தவறு. 2015-இல் தொடங்கிய அட்சுஷி ஓகுபோவின் மாங்காவிலேயே அந்த 'ராசி' (எதிர்பாராமல் உடை நழுவிச் சங்கடத்தில் மாட்டிக்கொள்வது) அவளுடைய குணாம்சமாக எழுதப்பட்டிருக்கிறது. 2019-இல் வந்த அனிமே அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எனவே இதற்காக ஸ்டூடியோவைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் கதை கெடுகிறது என்ற அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. மனிதர்கள் திடீரென எரிந்து சாகும் உலகம் அது. தான் மனதார நம்பிய மேலதிகாரி ரெக்காவே குழந்தைகளைப் பலிகொடுப்பவன் என்று தமாகிக்குத் தெரியவரும் இடம் முதல் சீசனிலேயே மிகக் கனமானது. அந்த வலியைத் தாங்கிய பெண்ணை, பிறகு அசால்ட் என்ற எதிரியுடனான சண்டையில் அந்தப் பழைய 'ராசி'யாலேயே ஜெயிக்க வைக்கிறார்கள். அவள் திறமையால் ஜெயித்திருக்க வேண்டிய சண்டை அது. பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

குறை மூலக்கதையில் இருக்கிறது. விமர்சனத்தை அங்கேயே வையுங்கள்.