"கையில்தான் மேப் இருக்கே?" என்று கேட்கிறவர்களுக்கு

அந்த வீடியோவை நேற்றிலிருந்து நாலைந்து பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். ஊருக்கு வந்து ஒரு வாரமே ஆன ஒருவர், எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டியவர், இந்தப் பக்கம் முக்கால் மணி நேரம் நின்று, நேர்காணலைத் தவறவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கீழே வந்து விழுந்த கமெண்டுகளில் பாதி ஒரே வரி: "கையில்தான் மேப் இருக்கே?"

இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது சாலையின் எந்தப் பக்கம் என்பது. அதைத்தான் மேப் சரியாகச் சொல்லாது.

வெட்டவெளியில் நின்றாலே போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இருபுறமும் உயரமான கட்டடங்கள் நிற்கும் தெருவில் செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்தச் சுற்றுத் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால் நீலப் புள்ளி எதிர்ச்சாரியில் போய் உட்கார்ந்துவிடும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரியுமே, அது பெரிதாக இருந்தால் "இதற்குள் எங்கேயோ இருக்கிறீர்கள்" என்றுதான் அர்த்தம். வருடக்கணக்கில் மேப் பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்து, நிறுத்தத்தின் பெயர். பெரிய சந்திப்பில் ஒரே பெயரில் நான்கு நிறுத்தங்கள் இருக்கும், ஒவ்வொரு சாலைக்கும் ஒன்று. பஸ் எண்ணும் இரண்டு திசைக்கும் ஒன்றேதான். வித்தியாசம் காட்டுவது பலகையில் இருக்கும் கடைசி நிறுத்தத்தின் பெயர் மட்டும். புதிதாக வருகிறவர்கள் எண்ணை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் போகிற தடம் இந்த முனையில் எங்கே முடிகிறது, அந்த முனையில் எங்கே முடிகிறது, இந்த இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் இதே கதைதான்.

சுரங்க ரயில் நிலையத்திலிருந்து படியேறி மேலே வந்தவுடன் என்ன நடக்கும் தெரியுமா? கீழே சிக்னல் இல்லாததால் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். சுற்றிலும் இரும்பு இருப்பதால் திசைகாட்டி அம்பு சுழலும். ஆள் போனைத் திருப்புவார், பிறகு தானும் திரும்புவார், பின்னால் வருகிறவர் இடித்துவிட்டுப் போவார். அங்கே அம்பை நம்பவே கூடாது. ஓரமாக ஒதுங்கி, ஏதாவது ஒரு பக்கம் முப்பது நாற்பது அடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். வைஃபையை அணைத்து வைக்காதீர்கள். எதிலும் இணையாவிட்டாலும் சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களை வைத்துப் போன் இடத்தைக் கண்டுபிடிக்கும். தவறான வாசலில் ஏறிவிட்டால் நடுவில் தடுப்பு வைத்த சாலையைக் கடக்கவே பத்து நிமிடம் போய்விடும். டோக்கியோவின் சிஞ்சுகு நிலையத்துக்கு இருநூறுக்கு மேல் வாசல்கள். அங்கே "ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள்" என்று ஒருவரை வரச்சொன்னால் எந்த வாசலில் போய் நிற்பார்?

"நாங்களும் ஒருநாள் புதிதாக வந்தவர்கள்தான், சமாளிக்கவில்லையா?" என்று கேட்கப்போகிறீர்கள். சமாளித்தீர்கள். முதல் நாள் யாரோ கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டிருப்பார்கள், அது மறந்துபோயிருக்கும். லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் நகர நடுவில் இருக்கும் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்றித் தேர்வெழுத வேண்டும். அதுவே தொழிலாகப் போகிறவர்களுக்கும் பொதுவாக மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அந்த ஓட்டுநர்களின் மூளையில் இடநினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதை நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வைரின் குழு 2000-ல் காட்டியது. ஒரு நகரத்தை மனதில் ஏற்றுவது அவ்வளவு பெரிய வேலை. வந்து ஒரு வாரம் ஆனவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

"முந்தின நாளே பார்த்து வைத்திருக்கலாம்." சரி, இதை ஒப்புக்கொள்கிறேன், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதிலும் குழி இருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தேடினால் இரவு பத்து மணியின் பயண நேரம்தான் வரும். "இத்தனை மணிக்குள் போய்ச் சேர" என்று மறுநாள் காலை நேரத்தைப் போட்டுத் தேட வேண்டும். செயலி காட்டுகிற பஸ் நேரம் பல ஊர்களில் வெறும் கால அட்டவணை, ஓடுகிற வண்டியின் நேரமில்லை. நேரத்துக்குப் பக்கத்தில் அலை மாதிரி ஒரு சின்னம் இருந்தால்தான் பெரும்பாலும் நேரடித் தகவல். கடைசி ரயில் பார்க்கும்போது, நடுவில் மாறுகிற இடத்தில் இரண்டாவது வண்டியின் கடைசி நேரத்தை முதலில் பாருங்கள். ரயில் வரைபடத்தை வைத்துத் தூரம் கணக்கிடாதீர்கள். 1933-ல் ஹாரி பெக் வரைந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடம் வெளியானதிலிருந்து அந்தப் பாணியில் அளவு பார்த்து வரைவதில்லை. அங்கே லெஸ்டர் ஸ்கொயர், கோவன்ட் கார்டன் என்ற அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே சுமார் 260 மீட்டர்தான், நடந்தே போய்விடலாம்.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு என்று நிலையச் சுவரில் ஒட்டிய ஒரு தாள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். போக்குவரத்துக் கழகத்தின் அதிகாரப்பூர்வ சமூக ஊடகக் கணக்கைப் பின்தொடருங்கள், போனில் அவசர எச்சரிக்கையை அணைக்காதீர்கள். தேதியும் இடமும் இல்லாத ஃபார்வர்டைப் பார்த்துப் பயணத்தை மாற்றாதீர்கள். போன வருட மழைக்கு மூடிய சாலை இந்த வருடமும் வாட்ஸ்அப் குழுக்களில் மூடியே இருக்கும்.

"யாரையாவது கேட்டிருக்கலாமே?" இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அவர் கேட்டார். வீடியோவிலேயே சொல்கிறார், நீங்கள் அதைக் கேட்கவில்லை. "இந்த பஸ் இங்கே நிற்குமா?" என்று இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார், இரண்டு பேரும் "நிற்கும்" என்றிருக்கிறார்கள். பொய்யில்லை, நிற்கும், எதிர்த்திசைக்குப் போகிற பஸ். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டால் பாதிப் பேர் பேச்சை முடிக்க "ஆமாம்" சொல்லிவிடுவார்கள். "நான் இந்த இடத்துக்குப் போகணும், எங்கே நிற்கணும்?" என்று கேட்க வேண்டும். வேகமாக நடக்கிறவரை விட்டுவிட்டு, அங்கேயே நாள் முழுக்கக் கடை வைத்திருப்பவரைக் கேட்க வேண்டும். கேட்கிற விதத்தை அவர் கற்றுக்கொள்வார். சொல்கிற நாம் எப்போது கற்றுக்கொள்ளப்போகிறோம்? "நேராப் போய் லெஃப்ட்" என்கிறோம், அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. "பாலம் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், திரும்பிவிடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் மிச்சமாகும்! அந்த நேர்காணலுக்கு அழைத்தவர்கள் அனுப்பியது கட்டடப் பெயரும் தெருப் பெயரும் மட்டும். வாசல் எண் இல்லை, எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று இல்லை, அஞ்சல் குறியீடுகூட இல்லை. அதே பெயரில் ஊரில் வேறு தெரு இருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீடியோவைப் பகிர்ந்த என் நண்பர்களுக்கு: அதில் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. நாளைக்கும் அவர் அதே நிறுத்தத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.