'மாண்டரின்' சீனச் சொல் அல்ல

உயர் அதிகாரியைக் குறிக்கும் 'மாண்டரின்' என்பது சீனச் சொல் என்றும், சீனப் பேரரசர்களே தங்கள் அதிகாரிகளுக்கு வைத்த பெயர் என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது சீனச் சொல் அல்ல.

சீனர்கள் அரசு அதிகாரியைச் சொல்வது 'குவான்' என்று. அந்த அதிகாரிகள் பேசிய மொழிக்கு 'குவான்ஹுவா' என்று பெயர். 'மாண்டரின்' வெளியார் வைத்த பெயர். 1511-இல், இன்றைய மலேசியாவில் உள்ள மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், மலாய் மக்கள் அமைச்சரை 'மெந்தெரி' என்பதைக் கேட்டு, சீன அதிகாரிகளையும் அப்படியே அழைத்தார்கள். கட்டளையிடுவதைக் குறிக்கும் 'மந்தார்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் சாயலும் சேர்ந்து 'மந்தரிம்' ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சரி, அந்த 'மெந்தெரி' எங்கிருந்து? ஆலோசனை சொல்பவர் என்று பொருள்படும் 'மந்த்ரின்' என்ற வடசொல்லிலிருந்து. நாம் தினமும் சொல்லும் 'மந்திரி'யும் அதே சொல்தான்! இவ்வளவு அருகில் இருக்கும் உறவு தவறான தகவலில் மறைந்துபோகக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

சரிபார்ப்பது எளிது. சொற்பிறப்பு தரும் எந்த நல்ல ஆங்கில அகராதியிலும் இந்தச் சொல்லைப் பாருங்கள். போர்த்துக்கீசியம், மலாய், சமஸ்கிருதம் என்று வழி போட்டிருக்கும். அப்புறம், மலேசியப் பிரதமரின் மலாய்ப் பதவிப்பெயரையும் பாருங்கள்: 'பெர்டானா மெந்தெரி'.