சின்னப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போகிறவர்கள், தயவுசெய்து காலை எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் பஸ் வந்து நிற்கும் பேக்கேஜை வாங்காதீர்கள். கேட்கிறவர்களிடம் எல்லாம் நேரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கோடை விடுமுறை நெருங்குகிறது என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே எட்டு என்றால் நம் வீட்டில் ஐந்தரை. எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கவேண்டுமானால் பிள்ளையை ஆறரைக்காவது எழுப்பவேண்டும், அதன் உடம்புக்கு அது விடியற்காலை நாலு மணி. மூன்று வயதுப் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பி, குளிப்பாட்டி, பசிக்காத வயிற்றில் பழக்கமில்லாத சாப்பாட்டை ஊட்டி, குளிரும் பஸ்ஸில் உட்கார வைத்து, அதோ பார் மெர்லயன் சிலை என்றால் அது அழாமல் வேறென்ன செய்யும்? ஊர் திரும்பியதும் "படுத்தி எடுத்துட்டான்" என்று அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் எல்லாரிடமும் சொல்கிறோம். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. படுத்தியது பிள்ளை இல்லை, அந்த அட்டவணை.

போன உடனே அந்த ஊர் நேரத்துக்குப் பழக்கிவிடுங்கள் என்று நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். ஒரு மாதம் தங்கப் போகிறவர்களுக்கு அது சரி. நாலைந்து நாளுக்குப் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை, அந்த இரண்டரை மணி நேரம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒன்றுக்கு ஆறு வயது, சின்னதுக்கு மூன்று, கூட மாமியாரும் வந்தார்கள். என் கைக்கடிகாரம் கடைசி வரை இந்திய நேரத்திலேயே இருந்தது. பிள்ளைகள் எப்போதும்போல் ஏழு மணிக்கு எழுந்தார்கள், அங்கே அது ஒன்பதரை. சாவகாசமாகக் கிளம்பி ஒரே ஒரு இடம். அங்கே மூன்று, மூன்றரை மணி ஆகும்போது நம் பிள்ளைகளுக்கு மதியத் தூக்கம் வரும் நேரம், அறைக்குத் திரும்பிவிடுவோம். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது அங்கே சாதாரணம், மின்னல் அடித்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் அந்த நேரத்தில் வெளியே இருந்தும் பெரிதாகப் பயன் இல்லை. தூங்கி எழுந்து ஆறு மணிக்குமேல் மறுபடி கிளம்பினால் வெயில் தணிந்திருக்கும், பிள்ளைகளுக்கு அப்போது மாலை நாலு மணிச் சுறுசுறுப்பு. இரவு பதினொன்றரைக்குப் படுத்தாலும் அவர்களுக்கு ஒன்பது மணிதான்.

இதில் எவ்வளவு பெரிய லாபம் இருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரின் அழகே இரவில்தான். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் மரம்போலவே கட்டி வைத்திருக்கும் ராட்சதக் கோபுரங்களின் அடியில் தினமும் ஏழே முக்காலுக்கும் எட்டே முக்காலுக்கும் இசையும் விளக்குமாக ஒரு காட்சி நடக்கும், காசு கிடையாது, புல்தரையிலோ படிக்கட்டிலோ துண்டை விரித்துப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். நைட் சஃபாரி 1994-இல் திறந்தது, இரவு விலங்குகளுக்காகவே அமைத்த உலகின் முதல் பூங்கா அதுதான், மாலை ஏழேகாலுக்குத்தான் கதவே திறக்கும். எட்டு மணி பஸ்ஸில் நாள் முழுக்க அலைந்த பிள்ளை அங்கே டிராம் வண்டியில் ஏறியதும் மடியில் சாய்ந்துவிடும். அப்படித் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற நம் ஊர்க் குடும்பங்களை வரிசையில் பார்த்தேன், அவ்வளவு பணம் கொடுத்து எதற்கு இந்தக் கஷ்டம் என்று இருந்தது. எங்கள் சின்னது கண் கொட்டாமல் சிங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நைட் சஃபாரி இருக்கும் அதே மண்டாய் பகுதியில்தான் பகல் நேர விலங்குக் காட்சிசாலையும், நதி விலங்குகளுக்கான ரிவர் வொண்டர்ஸும், 2023-இல் வந்த பறவைப் பூங்காவும் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிடலாம் என்று ஏஜெண்ட் கணக்குப் போடுவார். பெரியவர்களுக்கே கால் விட்டுப்போகும். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதை நிதானமாகப் பாருங்கள்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்கிற ரைடு பூங்காவைப் பற்றித்தான் நிறையக் கேள்வி வருகிறது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மட்டும் இருக்கிற குடும்பம் என்றால் இந்த முறை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. பெரிய ரைடுகள் சிலவற்றுக்கு 122 செ.மீ. உயரம் வேண்டும், நம் பிள்ளைகளுக்கு அது ஏழு வயது வாக்கில்தான் வரும். அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நீ அடுத்த தடவை" என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. அப்பா மட்டும் ஏறுவார், அம்மா வெயிலில் தள்ளுவண்டியோடு நிற்பார், டிக்கெட் என்னவோ எல்லாருக்கும் வாங்கியிருப்போம். "சிங்கப்பூர் போயிட்டு யுனிவர்சல் பாக்கலையா" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்காக ஒரு முழு நாளைக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் அந்த ஊரில் பிள்ளைகளுக்கென்றே கட்டி, காசு வாங்காமல் விட்டிருக்கும் இரண்டு தோட்டங்களுக்குப் போங்கள். ஒன்று கார்டன்ஸ் பை த பே உள்ளேயே இருக்கும் சிறுவர் தோட்டம், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், சின்னதுகளுக்குத் தனியாக, பெரியதுகளுக்குத் தனியாக. இன்னொன்று தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம். அந்தத் தாவரவியல் பூங்கா 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். சிறுவர் தோட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், கூட ஒரு பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் உள்ளே நுழைய முடியாது. மர வீடு, சறுக்கு, மணல், தண்ணீர், காய்கறிச் செடி. என் மாமியார் அங்கே மிளகுக் கொடியையும் பாக்கு மரத்தையும் எதிர்பார்த்துத் தேடிக்கொண்டே நடந்தார்கள், பிள்ளைகள் மணலைவிட்டு வரவே மாட்டேன் என்றார்கள், யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு தோட்டத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி, துண்டு எடுத்துப் போங்கள்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். நம் சாப்பாடு கிடைக்கும் என்பது ஒரு காரணம்தான். அந்த நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. ஊதா நிறத் தடத்தில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட், செந்தோசா தீவுக்கு அங்கிருந்துதான். நீலத் தடத்தில் ஒரு பக்கம் போனால் பேஃபிரண்ட், கார்டன்ஸ் பை த பே வந்துவிடும், மறுபக்கம் போனால் தாவரவியல் பூங்கா நிலையம். எதற்கும் வண்டி மாறவேண்டாம். தூங்கும் பிள்ளையோடு தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு தடம் மாறிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நிலையங்களில் லிஃப்ட் உண்டு, 90 செ.மீ.க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணம் இல்லை. ஆனால் ரயிலுக்குள் பிஸ்கட், பால் புட்டி எதையும் எடுக்காதீர்கள், சாப்பிடவும் குடிக்கவும் தடை, அபராதம் 500 சிங்கப்பூர் டாலர் வரை போகும். ஏறுவதற்கு முன்பே ஊட்டிவிடுங்கள்.

காரில் போவதானால் ஒன்று கவனிக்கவேண்டும். 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்பது அங்கே சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் வரவழைக்கும் தனியார் கார்களுக்குக் கிடையாது. அதனால் டாக்சியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் குழந்தை இருக்கை உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநர் ஏற்றமாட்டேன் என்று சொன்னால் அவர்மேல் கோபப்பட நியாயமில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947-இலிருந்து இருக்கிறது, டெக்கா சென்டர் என்கிற சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் இட்லி, தோசை, தயிர்சாதம் எல்லாம் உண்டு. மற்ற இடங்களில் பரோட்டாவை சர்க்கரை தொட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் சாப்பிட்டுவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொண்டே போகலாம்.

முதல் நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து போகும் விமானங்கள் பல நள்ளிரவில் கிளம்பி விடிகாலையில் சாங்கி விமான நிலையத்தில் இறக்கும். நாலு மணி நேரப் பயணத்தில் எந்தப் பிள்ளையும் ஒழுங்காகத் தூங்காது. ஹோட்டல் அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள். பேக்கேஜில் இந்த இடைவெளியை நிரப்ப நேரே விமான நிலையத்திலிருந்தே 'சிட்டி டூர்' என்று போட்டிருப்பார்கள், இதைப் படிக்கும்போதே ஏஜெண்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பகல் விமானம் கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிடுங்கள். கூடுதல் செலவுதான், நான் மறுக்கவில்லை. யுனிவர்சலை விட்டதில் மிச்சமான பணத்தை எங்கள் வீட்டில் இதற்குத்தான் போட்டோம். காலை ஏழரைக்கு எல்லாரும் மெத்தையில் இருந்தோம்.

எப்போது போவது என்றால், ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ போங்கள். மே கடைசியில் அவர்கள் பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கி ஜூன் முழுக்க ஓடும், எல்லாப் பூங்காவிலும் கூட்டம் கூடிவிடும். நம் பிள்ளைகளுக்கு லீவு, அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்கிற அந்தச் சில வாரங்கள்தான் நமக்கு நல்லது.

விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஏஜெண்டிடம் போவதில் தப்பே இல்லை, அங்கே பஸ்ஸில் சுற்றிக்காட்டும் லேண்ட் பேக்கேஜ் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், பிரித்துத் தருவார்கள். அப்புறம், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பவேண்டிய வருகை அட்டை கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதிலும் நிரப்பாதீர்கள்.