ஒளிரும் பட்டை திரும்பும் காருக்குத் தெரியுமா?
ஒளிரும் பட்டை அணிந்து, கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டால் வாகன நிறுத்துமிடத்திலிருந்து அலுவலகம் வரை பத்திரமாக நடந்துவிடலாம் என்கிறது, ஊழியர் பாதுகாப்பு பற்றி இங்கே வந்திருக்கும் கட்டுரை. கைபேசி விஷயத்தில் மறுப்பில்லை. பட்டையைப் பற்றித்தான் சந்தேகம். அது தானாக ஒளிர்வதில்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். இரவில் நேராக வரும் ஓட்டுநருக்கு அது தொலைவிலேயே தெரியும், உண்மை. ஆனால் வேலைக்குப் போகும் வழியில் நான் பயப்படுவது முனையில் திரும்பும் கார்களுக்கு. திரும்பத் தொடங்கும்போது முகப்பு விளக்கின் வெளிச்சம் நாம் கடக்கும் பக்கத்துக்கு இன்னும் வந்திருக்காது. போதாக்குறைக்கு, முன்கண்ணாடியின் ஓரத்திலுள்ள தூண் ஓர் ஆளையே மறைத்துவிடும். கார் திரும்பும் வேகமும் நாம் நடக்கும் வேகமும் ஒத்துப்போனால் பாதிச் சாலை வரை அந்த மறைவிலேயே நடந்துகொண்டிருப்போம். "சிக்னலில் கடக்க வேண்டியதுதானே" என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். சிக்னலில்தான் கடக்கிறேன் ஐயா! பல சந்திப்புகளில் நடப்பவருக்கும் திரும்பும் வண்டிக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுகிறதே, அதற்கு என்ன செய்வது? நடப்பவருக்கு மட்டும் 3 முதல் 7 விநாடி வரை முன்னதாகப் பச்சை கொடுக்கும் முறை நியூயார்க்கில் பரவலாக இருக்கிறது. கார் திரும்புவதற்குள் நாம் நடுச்சாலையில், ஓட்டுநரின் கண்ணெதிரே இருப்போம். ஊழியரின் வாகன நிறுத்துமிடத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒதுக்கிய நிறுவனங்கள் இந்த முறை வேண்டுமென்று கேட்டு நகர நிர்வாகத்துக்கு ஒரு கடிதமாவது எழுதலாம். ஊழியருக்குப் பட்டை வாங்கிக் கொடுத்ததோடு தங்கள் கடமை முடிந்ததாக அவை நினைத்துக்கொள்கின்றன.