அம்மாவோட வார்ஃபரினும் பக்கத்துவீட்டு ஆன்ட்டியோட சூப்பும்

அம்மாவுக்கு இதய வால்வு மாத்தி ரெண்டு வருஷம் ஆகுது, ரத்தம் உறையாம இருக்க தினமும் வார்ஃபரின் போடணும், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் அளவு 2.5லேர்ந்து 3.5க்குள்ள நிக்கணும், கூடினா ரத்தக்கசிவு ஆபத்து. போன மாசம் டெஸ்ட்ல 5ஐத் தாண்டிடுச்சு. பல்லு தேய்க்கறப்ப ரத்தம் வந்திருக்கு, கையெல்லாம் அங்கங்க கன்னிப்போயிருக்கு, எங்ககிட்ட மூச்சே விடல. மாத்திரையும் சரியாத்தான் போடுறாங்க. கடைசியில பார்மசியில இருந்த பொண்ணுதான் பொறுமையா கேட்டுச்சு, "அம்மா, சூப்பு, மூலிகை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

அப்பதான் வெளிய வந்துச்சு. பக்கத்துவீட்டு சீன ஆன்ட்டி, ஆபரேஷன் ஆன உடம்பு, ரத்தம் ஊறட்டும்னு வாரத்துல மூணு நாள் டாங் குவேய்ங்கற சீன மூலிகை வேர் போட்டு கோழி சூப்பு குடுத்திருக்காங்க. டாங் குவேய் வார்ஃபரினோட வேகத்தைக் கூட்டிடும், தான்ஷென்ங்கற இன்னொரு சீன மூலிகையும் அப்படித்தான்.

ஆன்ட்டி மேல எனக்குக் கோவமே இல்ல. சிங்கப்பூர்ல எங்க புளோக்ல முப்பது வருஷமா அவங்களும் அம்மாவும் பாசார் மலாய்ங்கற பேச்சு மலாய்லதான் பேசிக்குவாங்க, டுரியான் பனாஸ் (சூடு), வெள்ளரிக்கா செஜுக் (குளிர்ச்சி)னு, நம்ம சூடு குளிர்ச்சி கணக்கு அவங்களுக்கும் இருக்கு. நான் பிள்ளை பெத்தப்ப அம்மா பூண்டுக் குழம்பு வெச்சாங்க, ஆன்ட்டி நல்லெண்ணெயில இஞ்சி வதக்கிக் கோழி செஞ்சாங்க, பச்சத்தண்ணியத் தொடாதேன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னை அதட்டினாங்க. சூடா சாப்பிடு, வயித்துக்கு ஆகலன்னா கஞ்சி குடி, இதையெல்லாம் நான் என்னைக்கும் விடமாட்டேன்.

ஆனா "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்றதைத்தான் என்னால ஏத்துக்கவே முடியல. நாலாம் நூற்றாண்டுல கே ஹோங்ங்கற சீன வைத்தியர் எழுதின குறிப்புல, காய்ச்சலுக்கு சிங்ஹாவ் செடியைத் தண்ணில ஊறவெச்சுப் பிழிஞ்சு குடின்னு இருக்கு, அதைப் படிச்சுத்தான் சீன விஞ்ஞானி து யோயோ, கொதிக்கவெச்சா வீரியம் போயிடுதோன்னு யோசிச்சு, குறைஞ்ச சூட்டுல ஈதர்ல சாறு எடுத்து மலேரியாவுக்கு ஆர்டிமிசினின்ங்கற மருந்தைக் கொண்டுவந்தாங்க, 2015ல நோபல். அவ்வளவு சக்தி செடியில இருக்குன்னா கெடுக்கவும் சக்தி இருக்கும்ல? 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கக் குடுத்த மருந்துல ஒரு சீன மூலிகைக்குப் பதிலா அரிஸ்டலோக்கியாங்கற நச்சுச்செடி மாறிப்போய் நூறு பேருக்கு மேல கிட்னி பாதிச்சுது, பெரும்பாலும் பெண்கள்.

அம்மா ஏன் மறைச்சாங்கன்னு கேட்டேன். முன்ன ஒருதடவை கசாயம் குடிக்கிறேன்னு சொன்னதுக்கு ஒரு டாக்டர் மூஞ்சியைச் சுளிச்சாராம், அதோட வாயை மூடிட்டாங்க. அந்தச் சுளிப்புதான் எங்கம்மாவை 5 வரைக்கும் கொண்டுபோச்சுன்னு நான் நினைக்கிறேன். டாக்டருங்களே, திட்டாம கேளுங்க, எங்க பாட்டி காலத்துலேர்ந்து சாப்பிடுறதை நீங்க சுளிச்சா நாங்க விடமாட்டோம், சொல்லாம சாப்பிடுவோம். சீன வைத்தியர்கிட்ட போறவங்களும் வார்ஃபரின் போடுறேன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க, இங்க அவங்களும் பதிவு பண்ணின வைத்தியர்கள்தான், கேட்டுக்குவாங்க.

நேத்து ஆன்ட்டி தாமரைக்கிழங்கு சூப்பு வைக்கிறதுக்கு முன்னாடியே பொட்டலத்தையெல்லாம் தூக்கிட்டு வந்து எங்க டேபிள்ல பரப்பினாங்க. போட்டோ எடுத்துப் பார்மசியில காட்டினேன். கோஜி பெர்ரியும் வார்ஃபரினுக்கு ஆகாதாம், அதை மட்டும் எடுத்து ஓரமா வெச்சிட்டாங்க.